உரிமத்திலிருந்து தொடங்குங்கள்: ரோட் ஐலண்டில் நர்சிங் படிப்பும் பதிவும்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பரப்பளவில் ஆகச் சிறியது ரோட் ஐலண்ட். வடக்கு தெற்காக 48 மைல், கிழக்கு மேற்காக 37 மைல். மக்கள் தொகை சுமார் 11 லட்சம். இத்தனை சிறிய இடத்தில் நர்சிங் படிக்க நினைப்பவருக்கு முடிவெடுப்பது எளிது, இருக்கிற நாலைந்து கல்லூரிகளில் ஒன்றில் சேர்ந்தால் போயிற்று என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் சிறிய மாநிலத்தில்தான் இந்த முடிவுக்கு அதிக யோசனை தேவைப்படுகிறது. பெரிய மாநிலத்தில் ஒரு கல்லூரி சரியில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போகலாம். ஒரு மருத்துவமனை மூடப்பட்டால் பத்து மருத்துவமனைகள் மீதமிருக்கும். இங்கே ஒரு மருத்துவமனை மூடப்பட்டால் எல்லாக் கல்லூரிகளின் கால அட்டவணையும் ஆட்டம் காணும்.

பெரும்பாலான குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி "எது நல்ல கல்லூரி?" என்பது. அந்தக் கேள்வியை மூன்றாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படித்து முடித்ததும் கையில் இருக்கப்போகும் உரிமம் எப்படிப்பட்டது, அது எங்கெல்லாம் செல்லும் என்பது முதல் கேள்வி. மாணவர் எந்த வார்டுகளில் நின்று பயிற்சி பெறப் போகிறார் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் கல்லூரியின் பெயர் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

அங்கீகாரத்தில் இரண்டு வகை

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே நர்சிங் பதிவு கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தனி வாரியம் வைத்து உரிமம் தருகிறது. ரோட் ஐலண்டில் அந்த வேலையைச் செய்வது மாநில சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் செவிலியர் பதிவு மற்றும் செவிலியர் கல்வி வாரியம். அதன் பெயரே அதன் இரட்டைப் பொறுப்பைச் சொல்லிவிடுகிறது: நர்ஸைப் பதிவு செய்வதும் அதுதான், நர்சிங் கல்லூரிக்கு அனுமதி தருவதும் அதுதான். அமெரிக்காவில் படிப்பவர்களில், வாரியம் அனுமதித்த படிப்பை முடித்தவர்தான் என்கிளெக்ஸ் என்ற தேசிய உரிமத் தேர்வை எழுத முடியும். அதில் தேறியவருக்குத்தான் உரிமம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு அங்கீகாரம் உண்டு. தேசிய அளவில் நர்சிங் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் ஏசென், சிசிஎன்இ போன்ற அமைப்புகள் தருவது அது. வாரிய அனுமதி இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது என்பதால் அதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். தேசிய அங்கீகாரத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். அது இல்லாத இடத்தில் படித்தாலும் உரிமம் கிடைத்துவிடலாம். ஆனால் பிறகு இளங்கலைக்கோ முதுகலைக்கோ சேரப் போகும்போது அந்த மதிப்பெண்களை வேறு கல்லூரி ஏற்க மறுக்கலாம். ராணுவ வீரர் நல மருத்துவமனைகள் போன்ற மத்திய அரசு வேலைகளிலும் இது தடையாக வந்து நிற்கும். சேரும் முன் ஐந்து நிமிடம் செலவழித்துச் சரிபார்க்க வேண்டியது, விட்டுவிட்டால் ஐந்து வருடம் கழித்து வலிக்கும்.

சரிபார்ப்பது சம்பிரதாயம் அல்ல என்பதை 2023 ஜனவரியில் நாடே பார்த்தது. புளோரிடாவைச் சேர்ந்த மூன்று நர்சிங் பள்ளிகளிலிருந்து சுமார் 7,600 போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வெளிக்கொணர்ந்தது. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் தேர்விலும் தேறியிருந்தார்கள். ரோட் ஐலண்டைப் போலவே சிறிய மாநிலமான டெலவேர் ஒரே மூச்சில் 26 உரிமங்களை ரத்து செய்தது. வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும், போஸ்டிங்கை (மருத்துவமனை வார்டுப் பயிற்சியை) நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது.

எங்கே படிக்கலாம்

பதிவு பெற்ற நர்ஸ் ஆக இரண்டு வழிகள் பரவலானவை. இரண்டாண்டு அசோசியேட் பட்டம் ஒன்று, நான்காண்டு இளங்கலைப் பட்டம் மற்றொன்று. இரண்டையும் படித்தவர்கள் எழுதுவது ஒரே தேர்வு, பெறுவது ஒரே உரிமம். உரிமத்தில் எத்தனை ஆண்டு படித்தார் என்று எழுதியிருக்காது. வேறுபாடு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியவரும்.

அசோசியேட் வழியில் முதலில் நிற்பது மாநிலத்தின் ஒரே சமுதாயக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் ஆஃப் ரோட் ஐலண்ட். கட்டணம் குறைவு. 2017 முதல் நடப்பில் உள்ள ரோட் ஐலண்ட் பிராமிஸ் திட்டத்தின்படி, உயர்நிலைப் பள்ளி முடித்த கையோடு சேரும் மாநில மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுக் கல்விக் கட்டணமும் இல்லை. பெற்றோர் வருமானத்தை அதற்குப் பார்ப்பதில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நர்சிங் வகுப்புக்குள் நுழைவதற்கு முன் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல் போன்ற முன்பாடங்களை முடிக்க வேண்டியிருக்கும். அவற்றையும் சேர்த்தால் "இரண்டாண்டுப் படிப்பு" மூன்றாண்டைத் தொட்டுவிடுவது வழக்கம். இலவசத் திட்டத்தின் கடிகாரமோ கல்லூரியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஓடும். முப்பது வயதில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிக்க வரும் தாய்க்கு அந்தத் திட்டமே பொருந்தாது. கணக்குப் போடும்போது இரண்டையும் மறக்கக் கூடாது.

இளங்கலைக்கு இரண்டு அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. கிங்ஸ்டனில் உள்ள ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் ஒன்று, பிராவிடன்ஸ் நகரில் உள்ள ரோட் ஐலண்ட் கல்லூரி மற்றொன்று. தனியாரில் நியூபோர்ட் கடற்கரையில் சால்வே ரெஜினா பல்கலைக்கழகமும், கிழக்கு கிரீன்விச்சில் நியூ இங்கிலாந்து தொழில்நுட்ப நிறுவனமும் நர்சிங் நடத்துகின்றன. சில இடங்களில் முதலாண்டிலேயே நர்சிங் மாணவராகச் சேர்த்துக்கொள்வார்கள். சில இடங்களில் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பொதுப் பாடங்கள் படித்த பிறகு மறுபடி விண்ணப்பித்து நர்சிங்குக்குள் நுழைய வேண்டும். இரண்டாம் வகையில், கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் இனிப்பு வழங்கியவர் ஒன்றரை ஆண்டு கழித்து நர்சிங் இடம் கிடைக்காமல் வேறு பிரிவுக்கு மாற வேண்டிய நிலையும் வரலாம். "எனக்கு உறுதியான நர்சிங் இடம் எப்போது?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரௌன் பல்கலைக்கழகத்தை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். மாநிலத்தின் ஐவி லீக் பல்கலைக்கழகம் அது; அங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நர்சிங் கல்லூரி இல்லை. மாநிலத்தின் மிகப்பெரிய மருத்துவமனைக் குழுமமான லைஃப்ஸ்பான் 2024-ல் பிரௌன் யுனிவர்சிட்டி ஹெல்த் என்று பெயர் மாற்றிக்கொண்டதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது.

போஸ்டிங் என்ற முடிச்சு

ஒரு நர்சிங் கல்லூரி நாற்பது பேரைச் சேர்ப்பதா எண்பது பேரைச் சேர்ப்பதா என்பதை முடிவு செய்வது வகுப்பறை அல்ல. ஆசிரியர்களின் எண்ணிக்கையும் மருத்துவமனை வார்டுகளில் கிடைக்கும் பயிற்சி இடங்களும்தான். ஒரு வார்டில் ஒரு ஷிப்டில் சில மாணவர்களுக்கு மேல் நிறுத்த முடியாது. நோயாளியின் படுக்கையருகே ஆறு பேர் சுற்றி நின்றால் அது பயிற்சியும் அல்ல, நோயாளிக்கு மரியாதையும் அல்ல. அமெரிக்கா முழுவதும் 2023-ல் 65,000-க்கும் மேற்பட்ட தகுதியான நர்சிங் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஆசிரியர் பற்றாக்குறையும் பயிற்சி இடங்களின் பற்றாக்குறையும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஒரே மாணவர் பல இடங்களில் விண்ணப்பித்திருப்பார் என்பதால் அது ஆட்களின் எண்ணிக்கை ஆகாது. ஆனாலும் நெருக்கடி எவ்வளவு என்பது புரியும்.

ரோட் ஐலண்டில் இந்த நெருக்கடிக்குத் தனி முகம் இருக்கிறது. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை வார்டுகளுக்குப் பெரிய பஞ்சமில்லை. மகப்பேறும் குழந்தை நலமும்தான் சிக்கல். மாநிலத்தில் நடக்கும் பிரசவங்களில் மிகப்பெரும் பங்கு பிராவிடன்ஸில் உள்ள விமன் அண்ட் இன்ஃபன்ட்ஸ் என்ற ஒரே மருத்துவமனையில் நடக்கிறது. குழந்தைகளின் பொது மருத்துவச் சிகிச்சைக்கென்று உள்ள மருத்துவமனை ஹாஸ்ப்ரோ ஒன்றுதான். உச்சநிலை விபத்து சிகிச்சை மையம் என்ற தகுதியும் ரோட் ஐலண்ட் மருத்துவமனை ஒன்றுக்குத்தான். எல்லாக் கல்லூரிகளின் மாணவர்களும் மகப்பேறு போஸ்டிங்குக்குப் பெரும்பாலும் அதே வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் சில மாணவர்களுக்கு மாலை ஷிப்ட், சிலருக்கு சனி ஞாயிறு, சிலருக்கு எல்லை தாண்டி மாசசூசெட்ஸில் உள்ள மருத்துவமனை என்று அமைகிறது.

பாவ்டக்கெட் நகரின் மெமோரியல் மருத்துவமனை 2018 தொடக்கத்தில் மூடப்பட்டது. ரோஜர் வில்லியம்ஸ், ஃபாத்திமா என்ற இரண்டு மருத்துவமனைகளை நடத்திவந்த கலிபோர்னியாவின் பிராஸ்பெக்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. செய்தித்தாளில் இவை வணிகப் பக்கச் செய்திகள். நர்சிங் மாணவருக்கோ இவை அடுத்த பருவத்தில் எங்கே போஸ்டிங் என்ற கேள்வி. இத்தனை மருத்துவமனைகளின் பெரும்பகுதி இரண்டே குழுமங்களின் கையில் இருப்பதையும் மறக்கக் கூடாது. லைஃப்ஸ்பானும் கேர் நியூ இங்கிலாந்தும் ஒன்றாக இணையப் பார்த்தபோது, மாநிலத்தின் உள்நோயாளி சிகிச்சையில் குறைந்தது 70 சதவீதம் ஒரே கையில் சேரும் என்று மத்திய வர்த்தக ஆணையம் எதிர்த்தது; மாநில அட்டர்னி ஜெனரலும் மறுத்தார். 2022-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நடந்திருந்தால், படிக்கும்போது பயிற்சி கொடுப்பவரும் படித்த பிறகு வேலை கொடுப்பவரும் பெரும்பாலோருக்கு ஒரே நிறுவனமாகவே இருந்திருக்கும்.

பயிற்சி இடங்களின் பஞ்சத்துக்கு மாநிலம் கண்ட ஒரு விடையைப் பிராவிடன்ஸ் நதிக்கரையில் பார்க்கலாம். நராகன்செட் மின்சார நிறுவனம் 1912-ல் எழுப்பிய நிலக்கரி மின் நிலையம் ஒன்று அங்கே உண்டு. மின் உற்பத்தி நின்ற பிறகு அருங்காட்சியகம், ஹோட்டல் என்று பல திட்டங்கள் போடப்பட்டுப் பாதியில் நின்றன. பல ஆண்டுகள் வெறும் கூடாகக் கிடந்தது. 2017-ல் அது ரோட் ஐலண்ட் நர்ஸ் கல்வி மையமாகத் திறக்கப்பட்டது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகமும் ரோட் ஐலண்ட் கல்லூரியும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அதே கட்டடத்தின் மற்ற தளங்களில் பிரௌனின் அலுவலகங்கள். உள்ளே மருத்துவமனை அறைகளைப் போலவே அமைத்த சிமுலேஷன் கூடங்கள். கட்டிலில் கிடப்பது பொம்மைதான், ஆனால் அதற்கு நாடித் துடிப்பு உண்டு, மூச்சு வாங்கும், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஆசிரியர் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை வரவழைப்பார். மாணவி கருப்பையை அழுத்தித் தடவுகிறாளா, உதவிக்குக் குரல் கொடுக்கிறாளா, எந்த மருந்தைக் கேட்கிறாள் என்று பார்ப்பார். நிஜ வார்டில் அப்படி ஒரு நிகழ்வு நடந்தால் மாணவியை முதலில் ஒதுங்கி நிற்கத்தான் சொல்வார்கள்.

தரமான சிமுலேஷன் வழக்கமான போஸ்டிங் நேரத்தில் பாதி வரை ஈடுசெய்யலாம், தேர்ச்சியிலோ வேலைத் திறனிலோ குறை வராது என்று மாநில நர்சிங் வாரியங்களின் தேசியப் பேரவை 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆய்வு "தரமான" என்று சொன்னதை விட்டுவிட்டு "பாதி" என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும் கல்லூரிகளும் நாட்டில் உண்டு. பொம்மையை வாங்குவது எளிது. அதை வைத்துக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரை வைத்திருப்பது கடினம். எனவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது நேரடியாகக் கேளுங்கள்: மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் மூன்றுக்கும் போஸ்டிங் எந்த மருத்துவமனையில்? எத்தனை மணி நேரம் நோயாளியிடம், எத்தனை மணி நேரம் சிமுலேஷனில்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? சென்ற ஆண்டு போஸ்டிங் கிடைக்காமல் யாருடைய படிப்பாவது தள்ளிப்போனதா? தயங்காமல் பதில் சொல்லும் கல்லூரி, பளபளப்பான கையேடு வைத்திருக்கும் கல்லூரியைவிட மேல்.

தேர்ச்சி விகிதத்தைப் படிப்பது எப்படி

கல்லூரிகளை ஒப்பிட எல்லோரும் பார்க்கும் எண், என்கிளெக்ஸில் முதல் முயற்சியிலேயே தேறியவர்களின் விகிதம். பயனுள்ள எண்தான், ஆனால் தனியாக வைத்துப் பார்த்தால் ஏமாற்றும். அமெரிக்காவில் படித்து முதல் முறை எழுதியவர்களில் தேறியோர் 2022-ல் 80 சதவீதம் அளவு, 2024-ல் 91 சதவீதம் அளவு. இடையில் 2023 ஏப்ரலில் தேர்வின் வடிவமே மாறியது. ஆகவே ஒரு கல்லூரி 2022-ல் 85 வாங்கியது என்றால் அது சராசரியைவிட மேல். 2024-ல் அதே 85 சராசரிக்குக் கீழ். ஆண்டைப் பார்க்காமல் எண்ணைப் பார்ப்பதில் பொருளில்லை.

சிறிய மாநிலத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முப்பது பேர் எழுதும் கல்லூரியில் மூன்று பேர் கூடுதலாகத் தவறினால் விகிதம் 10 புள்ளி இறங்கிவிடும். அது கல்லூரியின் சரிவாக இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று நான்கு ஆண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். கூடவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள் என்றும் கேளுங்கள். கடைசிப் பருவத்தில் பலவீனமான மாணவர்களை வடிகட்டி வெளியே நிறுத்திவிட்டு 98 சதவீதம் காட்டும் வழக்கம் நாடெங்கும் சில கல்லூரிகளில் உண்டு. பாதியில் நின்றவர் அந்த விகிதத்தில் தெரிய மாட்டார், ஆனால் அவருடைய கல்விக் கடன் அப்படியே இருக்கும்.

தேர்வின் நடைமுறை சுருக்கமாக இதுதான். படிப்பு முடியும் தறுவாயில் வாரியத்திடம் உரிமத்துக்கு விண்ணப்பம், தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்திடம் 200 டாலர் கட்டித் தேர்வுக்குப் பதிவு, கைரேகையுடன் குற்றப் பின்னணிச் சோதனை. படிப்பை முடித்ததைக் கல்லூரி உறுதிசெய்ததும் தேர்வு எழுத அனுமதிக் கடிதம் வரும். தேர்வு கணினியில், குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். தேறுவார் அல்லது தேறமாட்டார் என்று 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். 85-ஆவது கேள்வியிலேயே திரை அணைந்ததற்காக அழ வேண்டியதில்லை. நன்றாக எழுதியவருக்கும் அங்கேயே நிற்கும். தவறினால் மறுமுயற்சிக்குக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும்.

எல்லை தாண்டும் உரிமம்

ரோட் ஐலண்டின் பெரும்பாலான ஊர்களிலிருந்து புறப்பட்டால் அரை மணி நேரத்தில் வேறு மாநிலம் வந்துவிடும். கிழக்கிலும் வடக்கிலும் மாசசூசெட்ஸ், மேற்கில் கனெக்டிகட். நோயாளிகள் எல்லை தாண்டி வருகிறார்கள், நர்ஸ்களும் தாண்டிப் போகிறார்கள். அதனால் இங்கே உரிமம் எதுவரை செல்லும் என்பது பெரிய மாநிலங்களைவிடப் பன்மடங்கு முக்கியம்.

பல மாநிலங்கள் ஒருவர் உரிமத்தை மற்றவர் ஏற்றுக்கொள்ளும் நர்ஸ் உரிம உடன்படிக்கை ஒன்று 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ரோட் ஐலண்ட் அதில் 2008-ல் சேர்ந்தது. 2018 ஜனவரியில் பழைய உடன்படிக்கைக்குப் பதில் புதியது வந்தபோது, ரோட் ஐலண்ட் உரிய சட்டத்தை இயற்றாமல் வெளியே நின்றது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போக, நாட்டின் மிகச் சிறிய மாநிலத்தின் உரிமம் அந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்ற நிலை ஐந்தாண்டுக்கு மேல் நீடித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நர்ஸ் பற்றாக்குறை கழுத்தை நெரித்த பிறகு பேச்சு மாறியது. 2023-ல் சட்டம் நிறைவேறியது. 2024 ஜனவரி 1 முதல் ரோட் ஐலண்ட் மீண்டும் பல மாநில உரிமம் தருகிறது. இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்த வளையத்தில் உள்ளன. வெளியிலிருந்து வரும் தற்காலிக நர்ஸ்கள் உள்ளூர் ஊதியத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று பல மாநிலங்களில் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் எல்லையோரம் வாழும் ஒரு நர்ஸுக்கு இரண்டு உரிமம், இரண்டு கட்டணம், இரண்டு புதுப்பித்தல் என்பது ஒவ்வொரு ஆண்டும் சுமக்கும் சுமை. அதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் சேர்ந்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

இதில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. பல மாநில உரிமத்தை எங்கே படித்தீர்கள் என்பதோ எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதோ தீர்மானிப்பதில்லை. சட்டப்படி எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வருமான வரிப் படிவம் ஆகியவற்றில் உள்ள முகவரி அதற்குச் சான்று. பிராவிடன்ஸுக்குக் கிழக்கே, எல்லைக்கு அந்தப்புறம் மாசசூசெட்ஸில் சீகாங்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கே குடியிருந்துகொண்டு பிராவிடன்ஸில் படித்து, பிராவிடன்ஸிலேயே வேலைக்குச் சேர்பவருக்கு ரோட் ஐலண்ட் தருவது ரோட் ஐலண்டுக்கு மட்டுமான உரிமம். அதே வகுப்பில் படித்து, எல்லைக்கு இந்தப்புறம் கிழக்கு பிராவிடன்ஸில் குடியிருப்பவருக்குப் பல மாநில உரிமம். மாசசூசெட்ஸ் 2024 நவம்பரில்தான் உடன்படிக்கைச் சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்த அன்றே உரிமம் வந்துவிடாது, அமலாக்கத்துக்கென்று தனியாகக் காலம் பிடிக்கும். கனெக்டிகட் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. கடைசி ஆண்டில் வாடகை வீடு மாறப் போகிறவர்கள் வாடகையை மட்டும் பார்க்காமல் இதையும் பார்க்கலாம்.

உடன்படிக்கைக்குள் உள்ள வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், 2024 ஜனவரி முதல் அமலில் உள்ள விதிப்படி 60 நாளுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை செய்யும்போது பொருந்துவது நோயாளி இருக்கும் மாநிலத்தின் சட்டம். தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் நர்ஸுக்கும் அப்படியே. ரோட் ஐலண்டில் உரிமத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வி 10 மணி நேரம். பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது குறைவே.

வேலை விஷயத்தில், பெரிய மருத்துவமனைகள் இளங்கலைப் பட்டத்தை விரும்புகின்றன. பிராவிடன்ஸின் மிரியம் மருத்துவமனை 1998 முதல், சிறந்த நர்சிங்குக்காக மருத்துவமனைகளுக்குத் தரப்படும் மேக்னெட் தகுதி வைத்திருப்பது. அந்தத் தகுதியைக் காக்க நர்ஸ் மேலாளர்கள் நர்சிங் பட்டதாரிகளாக இருக்க வேண்டும். அசோசியேட் முடித்தவர் முதலில் முதியோர் இல்லத்திலோ மறுவாழ்வு மையத்திலோ சேர்ந்து, சம்பாதித்துக்கொண்டே இணையவழியில் இளங்கலையை முடிப்பது நன்றாகப் பழகிய பாதை. முதலாளியே கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருவதும் உண்டு. கடன் வாங்க முடியாத குடும்பத்துக்கு நான் அந்தப் பாதையைத்தான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள்

கணவர் வேலைக்காகவோ மனைவி வேலைக்காகவோ நியூ இங்கிலாந்துக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களில், ஊரில் ஜிஎன்எம் பட்டயப் படிப்போ பி.எஸ்சி நர்சிங்கோ முடித்து வார்டில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. கல்வித் தகுதி மதிப்பீடு, ஆங்கிலத் திறன் தேர்வு, என்கிளெக்ஸ் என்ற வழி உண்டு. மதிப்பீட்டைச் செய்யும் முதன்மை நிறுவனம் சிஜிஎஃப்என்எஸ்; 2025-ல் ட்ருமெரிட் என்று பெயர் மாறியிருக்கிறது. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே நேராக அனுப்ப வேண்டும்; பதிவுச் சான்றை 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் நேராக அனுப்ப வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் அசல் சான்றிதழ் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் இங்கே அது செல்லாது.

பெயரில்தான் பலர் இடறுகிறார்கள். கல்லூரிச் சான்றிதழில் "மு. தமிழரசி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயராக ஏறியிருக்கும். குழுமத்தின் பதிவில் முன்னெழுத்து பின்னால் போயிருக்கும். தேர்வு மையத்தில் அனுமதிக் கடிதத்திலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. எல்லாப் பதிவுகளையும் பாஸ்போர்ட் பெயருக்கு இசைவாக்கும் வேலையை முதல் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இன்னொரு தடை, அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண். பல மாநில உரிமத்துக்கு அது கட்டாயம். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கானது) வந்து வேலை அனுமதி இல்லாதவருக்கு அந்த எண் கிடைக்காது. தேர்வில் தேறியும் பல மாநில உரிமம் இல்லாமல் காத்திருக்க நேர்வது இதனால்தான்.

மதிப்பீட்டில் பார்ப்பது மொத்த ஆண்டுகளை அல்ல. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் வகுப்பு எத்தனை மணி நேரம், போஸ்டிங் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். முன்பு இந்தியாவில் ஆண் செவிலியர் மாணவர்களுக்கு மகப்பேறுக்குப் பதிலாக வேறு பயிற்சி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் படித்த ஆண்களுக்கு இந்த இடத்தில் குறை விழுகிறது. அதை நிரப்ப ஒரு அமெரிக்கக் கல்லூரியில் மகப்பேறு பாடமும் போஸ்டிங்கும் தனியாக எடுக்க வேண்டும். ரோட் ஐலண்டில் அது எந்த வாசலில் போய் நிற்கும் என்பது மேலே சொன்னதுதான்: தன் மாணவர்களுக்கே மகப்பேறு போஸ்டிங் தேடி அலையும் கல்லூரி, ஒரே பாடத்துக்கு வரும் வெளியாளுக்கு இடம் ஒதுக்கத் தயங்கும். எனவே ஊரைவிட்டுக் கிளம்பும் முன் பாடவாரி மணிக்கணக்கைக் கல்லூரியிடமிருந்து கடிதமாக வாங்கி மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். குறை இருக்கிறது என்று தெரிந்தால், ரோட் ஐலண்டில் மட்டும் தேடாமல் பாஸ்டன், ஹார்ட்ஃபோர்ட் பக்கக் கல்லூரிகளிடமும் அதே வாரத்தில் கேட்டுப் பார்க்கலாம்.